போயிட்டு வர்றேன்!

நம் வீடுகளில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்புவதில்லை. ‘போயிட்டு வர்றேன்’தான். வாய் தவறி ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், பாட்டி வாசல்வரை வந்து திருத்துவாள்.

ஃபோர்டு கம்பெனிக்குப் பாட்டி கிடையாது. 2021 செப்டம்பர் 9 அன்று ‘போறேன்’ என்று சொல்லிவிட்டது. பத்து வருடங்களில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதனால் குஜராத்தின் சனந்த் ஆலையில் அந்த வருடக் கடைசிக்குள் கார் தயாரிப்பு நிறுத்தம், நம் மறைமலைநகர் ஆலை 2022 நடுவில் மூடல் என்று அறிவிப்பு. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது.

இப்போது அதே கம்பெனி திரும்பி வருகிறது. 2025 அக்டோபர் 31-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 3,250 கோடி ரூபாய் முதலீடு. காருக்குப் பதில் இன்ஜின். 2029-லிருந்து வருடத்துக்கு 2,35,000 இன்ஜின்கள். 600 பேருக்கு மேல் வேலை.

சந்தோஷம். வரவேண்டாம் என்று சொல்ல நான் யார்? வருகிறவர்களுக்குப் பூச்செண்டு கொடுக்கட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அடுத்த முறை போகும்போது எப்படிச் சொல்லிக்கொண்டு போவார்கள்?

இந்தக் கேள்வியை என் மனதில் விதைத்தவர் ஒரு கால் டாக்ஸி டிரைவர். நாற்பது வயது இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசலில் நின்றபோது பேச்சு கொடுத்தேன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் இருந்தாராம். ஆர்டர் நின்றது, கம்பெனியும் நின்றது. “பெரிய கம்பெனி மூடினா பேப்பர்ல வரும் சார். எங்க கம்பெனி மூடினது எங்க வாட்ச்மேனுக்குத்தான் தெரியும்” என்றார். நஷ்டஈடு ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். சிரித்தார். “அதை விடுங்க சார். ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா, நான் வீட்டு லோன் போட்டிருக்க மாட்டேன்.”

பணத்தைவிட அவருக்குப் பெரிதாகப்பட்டது அவகாசம். அந்த அவகாசத்தை இதே ஃபோர்டு கம்பெனி இன்னொரு நாட்டில் கொடுத்திருக்கிறது.

1925-லிருந்து ஆஸ்திரேலியாவில் கார் தயாரித்துக்கொண்டிருந்தது ஃபோர்டு. அங்கேயும் நஷ்டம். 1980-களில் 57.5 சதவிகிதம் வரை இருந்த இறக்குமதி வரி, 2010-ல் ஐந்து சதவிகிதமாகிவிட்டது. ஆஸ்திரேலிய டாலரோ உச்சத்தில். தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து விற்பதே லாபம் என்றாகிவிட்டது. 2013 மே 23-ல், பிராட்மெடோஸ், ஜீலாங் ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். எப்போது? 2016 அக்டோபரில்! அந்த டிசம்பரில் ஹோல்டன், அடுத்த பிப்ரவரியில் டொயோட்டா என்று மற்ற இரண்டு கம்பெனிகளும் அறிவித்தன. இரண்டும் கதவைச் சாத்தியது 2017 அக்டோபரில். ஒரு நாட்டின் கார் தொழிலே மூட்டை கட்டியது. ஆனால் சொல்லிவிட்டுத்தான் கட்டியது.

நான் பி.காம். படித்தவன். கூட்டல் கழித்தல் மட்டும் உருப்படியாக வரும். ஆஸ்திரேலியத் தொழிலாளிக்குக் கிடைத்தது நாற்பது மாதம். மறைமலைநகர் தொழிலாளிக்குப் பத்து மாதம். சனந்தில் நாலு மாதம்கூட இல்லை. ஒரே கம்பெனி, ஒரே நீலப் பலகை. மாதக் கணக்கு மட்டும் எப்படி மாறியது?

அங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று கதைவிட மாட்டேன். நாற்பது மாதம் இருந்தும், பழைய சம்பளத்துக்கு வேலை கிடைக்காமல் அல்லாடியவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் வேறு தொழில் கற்க, கடனை அடைக்க, பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்க அவகாசம் இருந்தது.

‘ஃபோர்டு நஷ்டஈடு கொடுத்ததே’ என்பீர்கள். கொடுத்தது. ஆலையை மூடினால் ஒரு வருட சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம் என்பது சட்டம். அதைவிடப் பல மடங்கு கொடுக்கக் கம்பெனி முன்வந்தது. அது போதாது என்று 2022 மே, ஜூனில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதெல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்கு. என் டாக்ஸி டிரைவர் எந்தக் கணக்கில் வருவார்?

காமர்ஸ் பாடத்தில் ‘கோயிங் கன்சர்ன்’ என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். தொழில் தொடர்ந்து நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் கணக்கு எழுதவேண்டும். மூடப்போவது தெரிந்தால் கம்பெனி தன் கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளும். தொழிலாளியும் அதே நம்பிக்கையில்தான் இருபது வருட வீட்டுக் கடன் வாங்குகிறான். அவன் கணக்கை மாற்றி எழுதத்தான் யாரும் நேரம் கொடுப்பதில்லை.

நாமும் யோக்கியமில்லை. 2018-ல் சென்னையில் செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது கைதட்டினோம். ‘வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறதே’ என்று அமெரிக்கத் தொழிலாளி புலம்பிய அந்த வெளிநாடு நாம்தான். சென்னைக்கு ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று பட்டம் வேறு. அசல் டெட்ராய்ட்டில் 1950-ல் 18 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று ஏழு லட்சம்கூட இல்லை. 2013-ல் அந்த நகராட்சியே திவாலானது. பட்டம் கொடுத்தவர்கள் இதைச் சொன்னார்களா?

அரசாங்கம் போடுவதற்குப் பெயர் புரிந்துணர்வு ஒப்பந்தம். நமக்குப் புரியும்படி அதை யாரும் காட்டுவதில்லை. நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று வருகிறவர்களுக்குக் கொடுப்பது நம் பணம். கொடுக்கிற கைக்கு நிபந்தனை போட உரிமை இல்லையா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சலுகை வாங்கும் எந்தக் கம்பெனியும் மூடுவதற்கு மூன்று வருடம் முன்பே சொல்லவேண்டும். அவசரமாகப் போகவேண்டுமானால், வாங்கிய சலுகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். நஷ்டஈட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும், உதிரிபாகக் கம்பெனித் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். ஒப்பந்தத்தை எல்லோரும் படிக்கும்படி வெளியிடவேண்டும்.

‘இப்படிக் கறாராகப் பேசினால் ஆந்திராவுக்குப் போய்விடுவான்’ என்று பயமுறுத்துவார்கள். நிபந்தனை போடாதபோது மட்டும் இருந்தானா?

வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடுங்க. போகும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்க. அதை ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிடுங்க.