பாலம் எங்கே?

கணிதம் படிக்காத பிள்ளை விஞ்ஞான வகுப்பில் சேரலாமா என்று கேட்டால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ‘யோக்கியதை இல்லாதவர்களை உள்ளே விட்டால் படிப்பின் தரம் என்னாவது?’ என்கிறது ஒன்று. ‘மைக்கேல் ஃபாரடே எந்தக் கணிதத்தைப் படித்தார்?’ என்கிறது மற்றது. நான் பட்டதாரியல்ல, கதை எழுதுகிறவன். ஆனாலும் சொல்கிறேன்: இரண்டு கட்சிக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி அக்கறை இல்லை.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021-22-ஆம் ஆண்டுக்கான கையேட்டில், 14 பாடங்களில் ஏதேனும் மூன்றைப் படித்திருந்தால் பொறியியலில் சேரலாம் என்று எழுதியது. சேருகிறவர்களுக்குக் கணிதம், பௌதிகம் முதலியவற்றில் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’, அதாவது பாலம்போல ஒரு படிப்பு, நடத்த வேண்டும் என்றும் எழுதியது. முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு கூச்சல்! எனக்கோ இரண்டாவது வாக்கியந்தான் முக்கியம்.

நம் பள்ளிகளில் ‘பியூர் சயின்ஸ்’ என்று ஒரு பிரிவு உண்டு. பௌதிகம், ரசாயனம், தாவரவியல், விலங்கியல் எல்லாம் இருக்கும், கணிதம் இராது. பதினைந்து வயதில், எந்தப் பிரிவில் இடம் கிடைத்ததோ அதில் சேர்ந்த பிள்ளை, பிறகு கல்லூரியில் ரசாயனம் எடுத்துக்கொள்கிறது. அங்கே ‘முதல் வகை வினை’ என்று ஒரு பாடம். ஒரு பொருள் பாதியாகக் குறைய எவ்வளவு நேரமாகும் என்று கண்டுபிடிக்க 0.693-ஐ வேக மாறிலியால் வகுக்க வேண்டும். அந்த 0.693 எங்கிருந்து வந்தது? அது இரண்டின் இயல் மடக்கை. நுண்கணிதம் படித்தவனுக்கு இரண்டே வரியில் விளங்கிவிடும். படிக்காதவனுக்கு அது மந்திரம். மனப்பாடம் செய்வான், பரீட்சையில் தேறியும் விடுவான். விஞ்ஞானத்தை மந்திரமாக்கிக் கொடுப்பதற்கா கல்லூரி?

ஃபாரடேயின் பெயரை இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய அவர் 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். 1813-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியிடமே உதவியாளராகச் சேர்ந்தார். ஆசான், சோதனைச்சாலை, வருஷக்கணக்கில் அவகாசம் எல்லாம் அவருக்குக் கிடைத்தன. அப்படியும் 1857-இல் மாக்ஸ்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தில் கண்ட முடிவுகளைச் சாதாரண பாஷையிலும் சொல்லக்கூடாதா என்று கேட்டார். மாக்ஸ்வெல்லைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தால் கணிதம் தெரியாமலும் காலம் தள்ளலாம். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

‘கணிதம் படித்திருப்பது சிபாரிசு செய்யப்படுகிறது’ என்று கல்லூரிகள் விவரப் புத்தகத்தில் அச்சிடுவதுண்டு. எவ்வளவு சாமர்த்தியமான சொல்! பிள்ளை சேர்ந்தால் சம்பளம் கல்லூரிக்கு. தோற்றால் பழி பிள்ளைக்கு. கணிதம் இல்லாமல் முடியாது என்றால் ‘கட்டாயம்’ என்று நேர்மையாகச் சொல்லட்டும். முடியும் என்றால், விடுபட்டதை முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுக்கட்டும். விருப்பமுள்ளவர்கள் மாலையில் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதம் பாலமாகாது.

கதவை அடைக்கச் சொல்லவில்லை நான், திறந்தே வையுங்கள். ஆனால் பெற்றோர்களே, சம்பளம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?” பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.