மருந்தும் ஒரு பழக்கந்தானா?

கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கரையிலே உள்ளது மாம்புரி. 2010ஆம் ஆண்டில் அங்கே எழுந்த காற்றாலைகளை அறிந்தோர் பலர். ஆயினும் அக்கரையோரத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்பது வேறு செய்தி. கடற்படையினர் கைப்பற்றும் போதைப்பொருட் பொதிகளைப் பற்றியது. பிடிபட்ட பொதியின் நிறையைச் செய்தி கூறும். பிடிபடாத பொதி எந்த வீட்டு இளைஞனைச் சென்றடைந்தது என்பதைக் கூறாது. அவ்விளைஞனைப் பற்றியே இவ்வாரம் பேச விழைகிறோம்.

ஹெரோயின் அபினின் வழிவந்தது. நாள்தோறும் அதனை உட்கொள்பவனின் மூளை அதற்கு இசைந்துவிடுகிறது. நிறுத்தினாலோ எலும்பைக் குடையும் வலி, வாந்தி, வயிற்றோட்டம், உறக்கமின்மை! மனம் வைத்தால் விடலாமென்று திண்ணையிலிருந்து சொல்வது எளிது.

நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகையோரை நீதிமன்றத்தின் வாயிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப வழிசெய்கிறது. அனுப்புவது சரி, திரும்பிவரும் நாளுக்கு என்ன ஏற்பாடு? சில வாரங்களில் உடல் தெளியும், வேட்கை தெளியாது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. விலகியிருந்த காலத்தில் உடலின் தாங்கும் வலிமை குன்றிவிடுகிறது. வந்தவன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். மகன் சுகமாகி வந்தான் என்று தாய் மகிழும் வாரமே பேராபத்தான வாரம்.

1965இல் நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர் இருவர் மெதடோன் என்ற மருந்தை நாளுக்கொரு முறை கொடுத்துப் பார்த்தனர். வேட்கை தணிந்தது, நோயாளர் வேலைக்கும் படிப்புக்கும் திரும்பினர். பின்னர் நாவின் கீழ் வைக்கும் பியூப்ரினோர்ஃபின் வந்தது. 2005இல் உலக சுகாதார ஸ்தாபனம் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. அதே ஆண்டில் மலேசிய அரசும் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கியது.

“இவையும் அபின் இனந்தானே? ஒன்றை விட்டு இன்னொன்றா?” என்பர் அயலார். இனம் ஒன்றே, செயல் வேறு. ஹெரோயின் மளமளவென ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கி, மீண்டும் தேடி அலையச் செய்யும். மெதடோன் மெல்ல ஏறி ஒரு நாள் முழுதும் ஒரே சீராக நிற்கும். உரிய அளவு பெறுபவன் மயங்குவதில்லை, வேலைக்குப் போகிறான். நீரிழிவுக்காரர் இன்சுலின் ஏற்றுவதை நாம் பழக்கம் என்போமா?

ஆனால் இது பெட்டிக்கடை மருந்தன்று. பியூப்ரினோர்ஃபினைக் கரைத்து ஊசியில் ஏற்றுவோர் பெருகியமையால், சிங்கப்பூர் 2006இல் அதனைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருட்களின் வரிசையிற் சேர்த்தது. மெதடோனும் அளவு மிஞ்சினால் உயிரைக் குடிக்கும். வைத்தியரின் கண்காணிப்பிலேயே அருந்த வேண்டும்.

எத்தனை காலத்துக்கு? சிலருக்கு ஆண்டுக்கணக்காகலாம். நிறுத்துவதாயின் வைத்தியரே சிறிது சிறிதாகக் குறைப்பார். கலியாணப் பேச்சு வந்துவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று இடையில் மறிக்கும் பெற்றோருக்குத்தான் வைத்தியர் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும்.