படிவத்தின் முன் தயங்கும் விரல்

1991-ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம் பரவியபோது, கல்குவாரிகளில் உழைத்த பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர்; தம் பெயரை எழுதவும் கற்றனர். அன்று கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்த தாய்மார் பலர் இன்று பாட்டிமார். கைப்பேசியில் ஒரு பதிவுப் படிவம் விரிந்தால் பேரனைத் தேடுகின்றனர். குறை அவர்களிடமன்று, அன்பர்களே. பெரும்பாலும் படிவத்தை அமைத்தவரிடமே.

பெயரையே எடுத்துக்கொள்வோம். முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள். இரண்டாவதை நிரப்பாமல் மேலே செல்ல முடியாது. நமக்கேது குடும்பப் பெயர்? தந்தையின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்பவர் நாம். அந்த ஓரெழுத்தை இட்டாலோ, "செல்லாது" என்கின்றன சில தளங்கள். ஒருவர் தந்தை பெயரை எழுதுகிறார். மற்றொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார். பின்னர் ஆதாரோடு பெயர் ஒத்துவரவில்லையென்று அலைகிறார். முழுப்பெயர் என்று ஒரே கட்டம் போதாதா?

பெயரிலாவது அலைச்சலோடு போயிற்று. 2021-இல் கொரோனாத் தடுப்பூசிக்கெனக் கோவின் தளம் வந்தபோது, படிவம் உயிர்ப் பிரச்சினையாயிற்று. நேர்மையாகச் சொன்னால், அதன் கேள்விகள் சிலவே. பிறந்த நாளும் மாதமும் கேட்காமல் ஆண்டை மட்டும் கேட்டது. அப்போது ஒரே கைப்பேசி எண்ணில் நால்வர் பதிய முடிந்தது. வீட்டுக்கொரு கைப்பேசி உள்ள சிற்றூர்களுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆயினும் மே மாதத் தொடக்கத்தில் 18 முதல் 44 வயதினர் இணையத்தில் பதிந்தே ஊசி பெறவேண்டும் என்றிருந்தது. தளமோ தமிழில் இல்லை. ஜூன் மாதம் பிற இந்திய மொழிகள் சேர்ந்தபோதும் தமிழ் முதலில் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்தபின்னரே இடம்பெற்றது. இவ்வளவு நன்றாக எண்ணிச் செய்தவர்கள் மொழியை மறந்தது வியப்பே.

இன்று பங்குகளில் குடும்ப விவரம் திரட்ட நம் இளைஞர்களே இணையப் படிவம் அமைக்கின்றனர். அவர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு கேள்வியையும், "இதற்கான விடையை வைத்து என்ன செய்யப் போகிறோம்?" என்று சோதியுங்கள். திருமுழுக்குப் பெற்ற ஆண்டு வேண்டும், சரி. மாத வருமானம் எதற்கு? மின்னஞ்சல் இல்லாதவரை வாயிலிலேயே நிறுத்தாதீர்கள். பிழை நேர்ந்தால், "கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே தமிழில் காட்டுங்கள். அதுவரை எழுதியவை அழிந்துவிடக் கூடாது.

படிவம் முடிந்ததும் கணினி அறிந்த நண்பரிடம் காட்டாமல், அறிவொளியில் எழுதக் கற்ற பாட்டி ஒருவரிடம் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் நில்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே திருத்துங்கள்.