கிணற்றுக்கும் மீற்றர் வேண்டும்

2009இல் போர் முடிந்தபின் யாழ். குடாநாட்டில் ஹோட்டல்களும் வீதியோரத் தங்குமடங்களும் பெருகிவிட்டன. குழாய்நீருக்கு நீர் வழங்கல் சபை கட்டணம் அறவிடுகிறது. சொந்தக் குழாய்க்கிணற்று நீருக்கோ மின்சாரச் செலவு மாத்திரமே. இங்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் படையாக மிதக்கிறது. இறைக்க இறைக்க ஊறும் என்ற பேச்சு இங்கு பொருந்தாது, உவர்தான் மேலேறும். அதனால் வாடுவது அயலிலுள்ள வெங்காயத் தோட்டம்.

எனவே கிணற்றிலும் மீற்றர் பூட்டி, அலகு கூடக் கூடக் கட்டணத்தை உயர்த்த வேண்டும். நாலு அறை வைத்துப் பிழைப்பவரையும் நீச்சல் தடாகக்காரரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. அறைக்கு இவ்வளவென்று ஓரளவுவரை சலுகை கொடுக்கலாம். வரும் பணம் திறைசேரிக்குப் போகாமல், தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் திருத்தச் செலவாகட்டும். பிரதேச சபைகள் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம்.