மீனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

திருநங்கைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், மும்பையின் தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "இயற்கையைப் பாருங்க சார். ஆண் ஆண்தான், பெண் பெண்தான். கருவிலேயே முடிஞ்சுபோன விஷயம்." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். எக்ஸ், ஒய் குரோமோசோம் பற்றிப் படித்தவர்கள் கொஞ்சம் பலமாகவே ஆட்டுவார்கள்.

சரி, இயற்கையைப் பார்ப்போம். மும்பையில் கோலி மீனவப் பெண்கள் ஜிதாடா என்று விற்பது நம் கொடுவாவைத்தான். முதிர்ந்த சிறிய கொடுவாவின் வயிற்றைக் கீறினால் வெள்ளை விந்துப்பை. மஞ்சள் சினை பெரிய மீனில்தான் கிடைக்கும். ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகிற மீன் அது. தாய்மீன் வேண்டுமானால் பெரியதாகப் பார்த்துப் பிடி என்பது குஞ்சு பொரிப்பகக்காரர்களுக்குப் பாலபாடம்.

கொடுவா விதிவிலக்கு என்பீர்கள். கங்கைச் சமவெளி வாய்க்கால்களில் திரியும் ஜீப்ரா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் தொட்டிகளிலும் அது நீந்துகிறது. குஞ்சுப் பருவத்தில் எல்லா ஜீப்ரா மீனுக்கும் சினைப்பை போன்ற உறுப்புதான் முதலில் உருவாகிறது. பிறகு சிலவற்றில் அது கரைந்து விந்தகமாகிறது. ஆய்வகங்களில் வளரும் பல வம்சங்களில் ஆண்-பெண்ணைப் பிரிக்கும் தனிக் குரோமோசோமே கிடையாது.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உள்ளே போகிறது. 40 நாள் வயது ஜீப்ரா மீன்களின் சினைப்பையைத் தனித்தனி செல்லாகப் பிரித்து, சுமார் 25,000 செல்களில் ஒவ்வொன்றிலும் எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது என்று படித்தார்கள். புதிய முட்டைகளுக்கு ஊற்றான தண்டுச் செல்கள் அங்கே இருந்தன. ஃபாக்ஸ்எல்2எல் என்ற ஒரு ஜீனைக் கெடுத்தார்கள்; வளர்ந்த மீன் அத்தனையும் ஆண்.

ஜப்பானில் மெடாக்கா மீனிடம் 2015இல் கண்டது இதைவிட விசித்திரம். ஃபாக்ஸ்எல்3 ஜீன் செயலிழந்த பெண் மீன் வெளியே பார்க்கப் பெண்தான். உள்ளே இருப்பதும் சினைப்பைதான். அதற்குள் விந்தணுக்கள்! குஞ்சு பிறக்கவைக்கும் திறனுள்ள நிஜ விந்தணுக்கள். முட்டையா விந்தா என்பதை அந்தச் செல் தனக்குள்ளேயே முடிவு செய்கிறது; சுற்றியுள்ள உடம்பைக் கேட்டு அல்ல.

"மீன் வேறு, மனுஷன் வேறு" என்பார்கள் இப்போது. உண்மைதான், முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கொடுவா பால் மாறுவதால் மனிதரைப் பற்றி எதுவும் நிரூபணமாகிவிடாது. ஆனால் இயற்கையைக் கூண்டில் ஏற்றியது நீங்கள். சாட்சி உங்களுக்கு எதிராகப் பேசியதும் சாட்சியே செல்லாது என்றால் எப்படி?

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில், திருநங்கைகளின் உரிமைக்காகத் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நல்சா) தொடுத்த வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று தீர்ப்பளித்தது. உயிரியல் சோதனையை அதற்கு அளவுகோலாக வைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். பழியை இயற்கைமேல் போடாதீர்கள்.