பம்பாய்க்கு ஏங்கும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை

பம்பாயில் முப்பது, நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆகி ஊர் திரும்பியவர்கள் நம் பாளையங்கோட்டையில் நிறையப் பேர் உண்டு. அதில் இரண்டு பேர் சந்தித்தால் போதும், பேச்சு மாட்டுங்காவுக்குப் போய்விடும். பெயரை மும்பை என்று மாற்றி எத்தனையோ வருஷமாகியும் எங்களுக்கு அது பம்பாய்தான். கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல்கள், மாட்டுங்கா பூக்கடைகள், சண்முகானந்தா சபா கச்சேரி, இரானி கடை பன் மஸ்கா, கணபதி ஊர்வலம், புதன்கிழமை மாஹிம் மாதா கோவிலில் எல்லா மதத்துக்காரர்களும் வரிசையில் நிற்பது. சொல்லச் சொல்லக் கண் கலங்கிவிடும். "அந்த ஊர் மாதிரி வராதுங்க. நீ யாரு, என்ன ஜாதின்னு ஒருத்தன் கேட்க மாட்டான்" என்று முடிப்பார்கள்.

அதே அண்ணாச்சி டீக்கடைக்கு வருகிறார். டீ கொடுக்கிற பையன் பீகார்க்காரன். எதிரே கட்டுகிற வீட்டில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவர்கள் ஒடிசாக்காரர்கள். உடனே ஆரம்பம்: "எங்க பார்த்தாலும் வடக்கனுவதான். ஊரே கெட்டுப்போச்சு."

இந்த இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வரலாமா என்பதுதான் என் கேள்வி.

நாம் ஏங்குகிற பட்டியலை நிதானமாகப் பாருங்கள். அதில் பாதி நம்முடைய சரக்குதான். இட்லி, ஃபில்டர் காபி, கச்சேரி, பூ, கோவில். நம்மவர்கள் அங்கே போய் 1932-லேயே கல்விச் சங்கம் வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1952-இல் சபா தொடங்கினார்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்கள் நம் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்க பம்பாய் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகள் நடத்தியது. மராட்டியர் தலைநகரில், வரிப்பணத்தில், தமிழில் அ, ஆ சொல்லிக் கொடுத்தார்கள்! ஆக, நமக்கென்று ஓர் ஊரைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ள பம்பாய் நம்மை விட்டது. நாம் இன்று ஏங்குவது அந்த இடம் கொடுத்த குணத்துக்குத்தான். பாவ் பாஜிக்காக என்றால் அது இப்போது இங்கேயே கிடைக்கிறது.

நம் தெருவில் ஒரு ரூமில் எட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சமைத்து, அவர்கள் பாட்டைப் போட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "கூட்டம் கூடுறானுவ, போலீஸ்ல சொல்லணும்."

பம்பாய் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 1992, 93 கலவரத்தில் அந்த ஊர் எரிந்தது. இன்ன மதத்தானுக்கு, மாமிசம் சாப்பிடுபவனுக்கு வீடு கிடையாது என்கிற ஹவுசிங் சொசைட்டிகள் அங்கும் உண்டு. நம் கதையும் தேனும் பாலுமாக இல்லை. 1960-இல் ஆரம்பித்த மார்மிக் பத்திரிகையில், கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலாகவே போட்டார்கள். 1966-இல் சிவசேனா பிறந்தது. லுங்கிக்காரனை விரட்டு என்று கோஷம் போட்டார்கள், உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்தது. தமிழன், மலையாளி, கன்னடக்காரன் எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர், மதராஸி. நமக்கு இன்று ராஜஸ்தான் முதல் அசாம் வரை எல்லோரும் 'வடக்கன்' என்கிற மாதிரியே!

அன்று அவர்கள் நம்மைப் பற்றிச் சொன்ன புகார்கள் மூன்று. எங்கள் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறான். எங்கள் பாஷையைப் படிக்க மாட்டேன் என்கிறான். தன் ஆட்களையே கூட்டிக்கொண்டு வருகிறான். இன்று டீக்கடையில் ஒலிப்பவையும் இதே மூன்றுதான்.

"நாங்க படிச்சுட்டு, டைப்பிங் ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணிட்டுப் போனோம். இவனுவ அப்படியா?" என்பார்கள். தாராவிக்குப் போனவர்கள் எந்த ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணினார்கள்? பிழைக்கத்தான் போனார்கள். "தமிழ் கத்துக்கிடலையே" என்பார்கள். மாட்டுங்காவில் நாற்பது வருஷம் இருந்து, மராட்டியில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாமல் திரும்பி வந்தவர்களை எனக்கு நிறையவே தெரியும். அந்த டீக்கடைப் பையன் வந்து ஒரு வருஷத்தில் "சர்க்கரை கம்மியா அண்ணா?" என்று கேட்கிறான்.

கூலி விஷயத்தில் மட்டும் நியாயமான கவலை இருக்கிறது. உள்ளூர்க்காரனுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளும் காண்டிராக்டர்கள் உண்டு. அதற்குத்தான் 1979-லேயே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரனைவிடக் குறைவான கூலி கூடாது, தங்க இடம் தர வேண்டும் என்றார்கள். கோபப்படுவதானால் கூலியைக் குறைத்துக் கொடுக்கிற காண்டிராக்டர் மேல் கோபப்படுங்கள். அவர் நம்ம ஆள், நல்லது கெட்டதுக்கு வருகிறவர் என்பதால் அவரிடம் சிரித்துப் பேசிவிட்டு, சாந்துச் சட்டி சுமக்கிறவனைத் திட்டுவது என்ன நியாயம்?

2023 மார்ச்சில் பார்த்தோமே. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ரயில் ஏறினார்கள். நம் மேல் வந்த அபாண்டம் என்று நாம் எல்லோரும் கொதித்தோம். சரிதான். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் உடனே நம்பினார்கள் என்றால், நாம் தினமும் அவர்களைப் பார்க்கிற பார்வைக்கும் பேசுகிற பேச்சுக்கும் அதில் பங்கு இல்லையா?

பம்பாய் கொடுத்ததை பம்பாய்க்கே திருப்பிக் கொடுக்க முடியாது. நாம் அங்கே இல்லை. இங்கே பிழைக்க வந்திருப்பவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். 'வடக்கன்' என்பதை விட்டுவிட்டு, அந்தப் பையனின் பெயரைக் கேளுங்கள். நாற்பது வருஷம் பேசிய ஹிந்தி துருப்பிடித்துக் கிடக்கிறதே, அதில் எந்த ஊர், அம்மா அப்பா சௌக்கியமா என்று விசாரியுங்கள். மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போது மதமும் ஜாதியும் கேட்காதீர்கள். குடும்பத்தோடு வந்திருந்தால், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடக் கூடப் போங்கள்.

இது எதுவும் முடியாது என்றால், தயவுசெய்து பம்பாயை நினைத்துக் கண் கலங்குவதையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.