பந்தியும் விசாரிப்பும்

தெற்கே ஒரு சிற்றூரில் எங்களுக்கு வேண்டிய டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். நாற்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவர். அவர் கோயிலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை சபை ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுக்கிறார். கிறிஸ்துமஸுக்குச் சேலையும் கேக்கும் வந்துவிடுகின்றன. குறை ஒன்றும் இல்லை என்றுதான் பேச்சைத் தொடங்கினார். பிறகு சொன்னார்: "ஒம்பது மணி ஆராதனைய ஆறரைக்கு மாத்திட்டாங்க. எனக்கு முட்டி மடங்குறதுக்கே எட்டு மணி ஆயிரும். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான் இந்தத் தலையங்கம்.

எருசலேமின் முதல் சபையிலும் இதே மனக்குறை எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். கடைசிக் காலத்தைப் புனித நகரில் கழிக்க வெளிநாடுகளிலிருந்து வந்து தங்கியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இன்னும் இரண்டு கூடை அப்பம் அனுப்பிப் பேச்சை அங்கேயே முடித்திருக்கலாம். சபை அப்படிச் செய்யவில்லை. பந்தியை நடத்தும் பொறுப்பையே ஏழு பேரிடம் கொடுத்தது. ஸ்தேவானிலிருந்து நிக்கொலா வரை ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். யார் விடுபட்டார்களோ அவர்களைச் சேர்ந்தவர்கள் கைக்கே அகப்பை போனது. ஏழு பேரும் ஆண்கள். விதவைகளில் ஒருத்திகூட இல்லை. அந்தக் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் உணவோடு அதிகாரமும் பகிரப்பட்டது என்பது பெரிய விஷயம்.

பழைய தமிழ் வேதாகமம் இந்த வேலையைப் பந்திவிசாரணை என்கிறது. நம் பேச்சில் விசாரிப்பது என்றால் நலம் கேட்பது. இன்று நம் சபைகளில் முதியோருக்குப் பந்தி இருக்கிறது, விசாரிப்பு இல்லை.

கிறிஸ்தவ அறம் முதியோரைக் கவனித்துக்கொள்வதோடு முடிந்துவிடுவதாக நாம் நினைத்துவிட்டோம். கவனிப்பு மட்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ழான் ழுகானின் வாழ்க்கையே சாட்சி. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் பிறந்த ஏழைப் பெண் அவர். 1839இன் குளிர்காலத்தில், பார்வையிழந்து ஆதரவற்று நின்ற கிழவி ஒருத்தியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் படுக்கையைக் கொடுத்தார். இன்னொருத்தி வந்தாள், பிறகு பலர். அவர்களுக்காகக் கூடையோடு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882இல் அது கொல்கத்தாவுக்கும் வந்தது.

ஆனால் 1843லேயே ஒரு பாதிரியார் அவரைத் தலைமையிலிருந்து விலக்கிவிட்டார். 1852இல் பிச்சைக்கூடையையும் வாங்கிக்கொண்டு தலைமை இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். பிறகு 27 ஆண்டுகள், 1879இல் 86ஆம் வயதில் இறக்கும்வரை, தான் தொடங்கிய சபையிலேயே யாரோ ஒரு வயதான சகோதரியாக அவர் வாழ்ந்தார். உடன் இருந்த இளம் சகோதரிகள் பலருக்கு இவர்தான் நிறுவியவர் என்பதே தெரியாது. அவருக்குச் சோறு இருந்தது, கட்டில் இருந்தது, மருந்தும் இருந்திருக்கும். முதியோரைக் காப்பதற்கென்றே பிறந்த ஓர் அமைப்பு, தன் வீட்டு முதியவளிடம் ஏறக்குறைய எதையுமே கேட்கவில்லை. 2009இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது திருச்சபை. அந்த 27 ஆண்டுகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

கொர்பான் என்று காணிக்கை நேர்ந்துவிட்டுப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டது நமக்குத் தெரியும். அதன் சாயல் நம்மிடமும் உண்டு. நம் கோயில்களின் மின்விசிறிகளிலும் பெஞ்சுகளிலும் இன்னாரின் நினைவாக என்று பெயர்கள் எழுதியிருக்கின்றன. அந்தப் பெஞ்சில் கடைசி ஐந்து வருடம் அந்தப் பெயருக்குரிய தாயால் வந்து உட்கார முடிந்ததா? வாசல் படிக்குக் கைப்பிடி இருந்ததா? அந்த இரும்புக் குழாய்க்குப் பெரிய செலவு ஆகாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுவதற்கும் 8.6. நம் சபைகளிலும் இவர்கள் சிறு கூட்டம் அல்ல. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமும் 60 வயதைத்தான் குறிக்கிறது. விதவைகளைச் சபைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய வயது அது. நாம் வயதானவர்களின் பெயரைப் பொறுப்புகளிலிருந்து எடுக்கிறோம், ஆதிச்சபையோ எழுதிக்கொண்டது. பட்டியலில் இருந்த விதவைகளுக்கு ஜெபமும் ஊழியமும் இருந்தன. வாங்கிக்கொள்பவர்களாக மட்டும் அவர்களை ஆதிச்சபை பார்க்கவில்லை.

சகரியா தீர்க்கதரிசி கண்ட எருசலேமில் கோலூன்றிய கிழவர்களும் கிழவிகளும் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே நகரத் தெருக்களில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். முதியோருக்கென்று தனிக் கட்டிடம் எதுவும் அந்தக் காட்சியில் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனையை ஒன்பது மணிக்கு வைக்கச் சேகரக் கமிட்டி தீர்மானம் போடலாம். போடுவதற்கு முன் டீச்சரம்மாவிடம் போய்க் கேட்கலாம். அவர் வீட்டிலிருந்து கோயில் இருநூறு அடி. ஆறு மணிக்கு முதல் மணி அடிக்கும்போதே அவர் விழித்துத்தான் இருக்கிறார்.